இறக்கம் தந்த உறக்கம்

மேகமலையிலிருந்து சின்னமனூருக்கு இறங்கும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். போன ஜனவரியில் அந்தப் பூக்களை மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டு வந்தோம். பக்கத்து இருக்கையில் இருந்த என் மனைவி எண்ணியதோ வேறு ஒன்றை. "நாற்பத்தொண்ணு... நாற்பத்திரண்டு... பாருங்க, இன்னும் ஏறுது" என்றாள். வண்டியின் திரையில் பேட்டரி அளவைக் காட்டும் எண் அது. மேலே கிளம்பும்போது 41 விழுக்காடு. தென்பழனி சோதனைச் சாவடியைத் தாண்டிச் சமவெளிக்கு வந்தபோது 46. முப்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓடியிருக்கிறது. ஆனால் இருப்பு கூடியிருக்கிறது.

அன்றிரவு நாங்கள் அந்த வண்டிக்குள்ளேயேதான் தூங்கினோம். தூங்கச் செலவானது, இறக்கத்தில் சேர்ந்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கரண்டு வண்டியைப் படுக்கையறையாக மாற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த ஐந்து விழுக்காட்டால்தான்.

பெட்ரோல் வண்டியில் மலையிறங்கியவர்களுக்கு பிரேக் சூடேறிக் கருகிய வாசனை வருவது தெரியும். உயரத்தில் இருந்த வண்டியின் எடை கீழே வரும்போது விட வேண்டிய ஆற்றலில் பெரும் பங்கு பிரேக் தட்டில் உராய்ந்து வெப்பமாகப் போகிறது. கரண்டு வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரங்கள் மோட்டாரைத் திருப்பிச் சுழற்றுகின்றன. மின்சாரம் வாங்கிச் சுழன்ற அதே மோட்டார் இப்போது டைனமோவாகி மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. வண்டி வைத்திருப்பவர்கள் இதை 'ரீஜென்' என்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இது புதிய வித்தையே இல்லை. குமுளி மலைச்சாலையில் வரும் எவரும் மலைமேலிருந்து லோயர் கேம்ப் நோக்கிச் சரிந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். 1895இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை, மேற்கே போன பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. அந்தத் தண்ணீர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் சும்மாதான் மலையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. 1950களின் இறுதியில்தான் விழுகிற தண்ணீரைக் குழாயில் அடைத்து, லோயர் கேம்பில் மின்நிலையம் வைத்தார்கள். தொடக்கத்தில் ஒவ்வோர் எந்திரத்துக்கும் 35 மெகாவாட் திறன். எடை ஒன்று உயரத்திலிருந்து இறங்குகிறது, இறங்கும் வழியில் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. தண்ணீர் செய்தால் அது பவர் ஹவுஸ். வண்டி செய்தால் ரீஜென்.

கணக்கும் எளிதுதான். ஆட்களோடும் சாமான்களோடும் எங்கள் வண்டி ஏறத்தாழ 1,800 கிலோ. மேகமலைக்கும் சின்னமனூருக்கும் உயர வேறுபாடு சுமார் 1,100 மீட்டர். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கினால் கிடைக்கக்கூடிய ஆற்றல் ஐந்தரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். டயர் தேய்வதில், காற்றைக் கிழிப்பதில், மோட்டார் சூடாவதில் பாதிக்கு மேல் போய்விடும். மீதி இரண்டு, இரண்டரை யூனிட் பேட்டரிக்கு வரும். எங்களுடையது 45 யூனிட் பேட்டரி. ஐந்து விழுக்காடு என்றால் இரண்டே கால் யூனிட். ஏறும்போது இதைப்போல மூன்று நான்கு மடங்கு செலவாகியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலை எதையும் இனாமாகத் தருவதில்லை. வாங்கியதில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. மேலேயே சார்ஜ் போட்டு 100 ஆக்கிவிட்டு இறங்கினால் அந்தப் பங்கும் கிடைக்காது. நிறைந்த குடத்தில் ஊற்ற முடியாதல்லவா.

மலையிலேயே தூங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். கூடாது. 2021 பிப்ரவரியில் அந்தக் காடு திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. இருட்டிய பிறகு அந்தச் சாலை யானைகளுக்கும் காட்டெருமைகளுக்கும் உரியது. வனத்துறை அனுமதித்த விடுதியில் தங்கலாம். சாலையோரம் வண்டியை ஒதுக்கிப் படுப்பது சட்டத்துக்கும் உயிருக்கும் எதிரானது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் கருகி இறந்ததை தேனி மாவட்டம் மறக்கவில்லை. காட்டில் இரவு தங்குவதை ஒரு சாகசமாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒட்டுதல் இல்லை.

ஆகவே கீழே வந்தோம். சுருளிப்பட்டிப் பக்கம் தெரிந்த ஒருவருடைய திராட்சைத் தோட்டத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துக் கட்டிய பந்தலுக்கு அருகே, கிணற்று மேட்டில் சமமான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். சமதளம் முக்கியம். ஒரு சாண் சாய்வு இருந்தாலும் இரவெல்லாம் ஒரு பக்கமாக உருண்டுகொண்டிருப்போம்.

காவலுக்கு இருந்த பெரியவர் டார்ச்சோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, இது ஓடுதா நிக்குதா? சத்தமே காணோம்" என்றார். ஏசி ஓடுகிறது, இன்ஜின் என்று ஒன்று இதில் கிடையாது ஐயா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கண்ணாடிய ஏத்திட்டுப் படுத்தா மூச்சு முட்டாதா? பேப்பர்ல போடுறாங்களே, காருக்குள்ள படுத்தவுக செத்துப்போனாகன்னு."

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

பேப்பரில் போடும் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணம் கார்பன் மோனாக்சைடு. பெட்ரோலோ டீசலோ முழுதாக எரியாதபோது பிறக்கும் வாயு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூங்குபவருக்கு மூச்சுத் திணறல்கூடத் தெரியாது. தூக்கம் ஆழமாகி அப்படியே முடிந்துவிடும். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓட்டிய ஜெனரேட்டரின் புகை உள்ளே கசிந்திருந்தது. பெட்ரோல் காரில் ஏசியின் கம்ப்ரசரைச் சுற்றுவது இன்ஜினோடு பிணைந்த பெல்ட். ஏசி வேண்டுமென்றால் இன்ஜின் ஓடியாக வேண்டும், சைலன்சர் புகை விட்டாக வேண்டும். நின்ற இடத்தில் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் போகும். எட்டு மணி நேரத்துக்கு எட்டு லிட்டர். அதற்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 70 யூனிட். நாங்கள் அன்றிரவு செலவழித்தது மூன்று யூனிட்டுக்கும் குறைவு.

கரண்டு வண்டியில் கம்ப்ரசருக்குத் தனி மின்மோட்டார். பெரிய பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் வருகிறது. வண்டிக்குள்ளிருக்கும் சின்ன அறையைக் குளிர்விக்க ஆகும் செலவு சொற்பம். அறை ஒருமுறை குளிர்ந்துவிட்டால் கம்ப்ரசர் முனகலாக மட்டும் ஓடும். திரையும் உள்ளிருக்கும் கணினிகளும் விழித்திருப்பதற்கு மணிக்குக் கால் யூனிட் அளவு தனியாகப் போகும். மிதமான இரவென்றால் மொத்தம் இரண்டு மூன்று யூனிட். சித்திரை வெக்கையில் நான்கைந்து. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று மின்கட்டணத்தை எண்ணியே பழகிய நமக்கு இந்த அளவு எளிதில் மனதில் நிற்கும். மலைக் குளிரில் ஹீட்டர் போட்டாலும் செலவு உண்டு. ஆனால் பெட்ரோல் வண்டியில் இன்ஜின் சூடு வீணாகக் கிடப்பதால் ஹீட்டருக்குத் தனிச் செலவு இல்லை. கரண்டு வண்டியில் வெப்பத்தையும் பேட்டரிதான் உண்டாக்க வேண்டும்.

புகை இல்லை என்பது பெரியவருக்கான முதல் பதில். இரண்டாவது பதில் அவ்வளவு நிம்மதியானதல்ல. நம் மூச்சே ஒரு புகைதான். தூங்கும் ஒருவர் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். காரின் உள்ளறை ஏறத்தாழ 3,000 லிட்டர். காற்றே புகாத பெட்டியாக இருந்தால் இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் அந்த வாயுவின் அளவை வெளிக்காற்றில் இருப்பதைப்போல் பதினைந்து இருபது மடங்காக்கிவிடுவார்கள். நிஜத்தில் எந்தக் காரும் அவ்வளவு இறுக்கமில்லை. இருந்தாலும் தலைவலியும் கனமும் காலையில் மிஞ்சும். ஏசிக்குப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று உள்காற்றையே சுற்றவிடும், மற்றது வெளிக்காற்றை இழுக்கும். பகலில் எல்லாரும் உள்காற்றில்தான் வைத்திருப்போம். படுக்கும்போது வெளிக்காற்றுக்கு மாற்ற வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பொத்தானை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சோடு வெளியேறும் ஈரம் கண்ணாடியில் வேர்த்து வடிவதும் இதனால் குறையும்.

வண்டியை முழுதாக அணைத்துவிட்டு உள்விளக்கையும் சார்ஜரையும் மட்டும் எரியவிடுவதும் ஆபத்து. கரண்டு வண்டியிலும் விளக்கு, கதவுப் பூட்டு, கணினி எல்லாவற்றுக்கும் 12 வோல்ட்டில் ஒரு சின்ன பேட்டரி தனியாக உண்டு. வண்டி விழித்திருக்கும்போது பெரிய பேட்டரி அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கும். அணைத்துவிட்டால் பல வண்டிகளில் ஊட்டல் நின்றுவிடும். விடியும்போது பெரிய பேட்டரியில் பாதிக்கு மேல் இருந்தும் கதவுகூடத் திறக்காத நிலை வரலாம். இதற்காகத்தான் டெஸ்லா முதலிய நிறுவனங்கள் 'கேம்ப் மோடு' என்று ஒன்றைத் தந்தன: சக்கரம் பூட்டியிருக்கும், ஏசியும் சின்ன பேட்டரியும் உயிரோடு இருக்கும். உங்கள் வண்டியில் அந்தப் பெயரில் இல்லாவிட்டாலும், நிறுத்திய நிலையில் எவ்வளவு நேரம் தானாக அணையாமல் இருக்கும் என்பதை வீட்டு வாசலில் ஓர் இரவு சோதித்துப் பார்த்துவிட்டுப் பயணம் கிளம்புங்கள்.

படுக்கைக்கு வருவோம். இதில் தேனி மாவட்டத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பின்னிருக்கையை மடித்தால் டிக்கியோடு சேர்ந்து ஆள் நீளத்துக்கு இடம் கிடைக்கும், ஆனால் நடுவில் ஒரு படி இருக்கும். காற்றடைத்த மெத்தை வாங்கச் சொல்வார்கள். நான் போடியில் இலவம்பஞ்சு மெத்தை தைத்து வாங்கினேன். இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே கூடான மெல்லிய குழல். அந்தக் குழலுக்குள் காற்று சிறைப்பட்டிருக்கிறது. அதனால்தான் எடையே இல்லாமல் இருக்கிறது, தண்ணீரில் மிதக்கிறது. வண்டியில் குளிர் ஏறுவது பெரும்பாலும் அடியிலிருந்துதான். அடைபட்ட காற்றைவிட நல்ல தடுப்பு அதற்கு இல்லை. காற்றடைத்த மெத்தைக்குள் காற்று இரவெல்லாம் உலாவி உடம்புச் சூட்டை இறக்கிவிடும். இலவம்பஞ்சுக்குள் காற்று அசைவதே இல்லை. போடி, வருசநாட்டு மலைச்சரிவுகளில் மரமாக நிற்கும் ஒரு பொருள், பேட்டரி வண்டியின் மின்செலவைக் குறைக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சொல்லப்போனால் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டில் பாதி இரவுகளுக்கு ஏசியே வேண்டாம். கணவாய் வழியாக இறங்கும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் வண்டியைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்தி, கண்ணாடியை நாலு விரல் இறக்கி, கதவுச் சட்டத்தின் மேல் கொசுவலைத் துணியைப் போர்த்தினால் போதும். பக்கவாட்டில் நிறுத்தினால் வண்டி தொட்டில்போல ஆடும்.

அன்று தை மாதக் குளிர். நள்ளிரவுக்கு மேல் ஏசியை நிறுத்திவிட்டு வெளிக்காற்று விசிறியை மட்டும் விட்டேன். இரண்டு உடல்களின் சூடே, தலைக்கு 70, 80 வாட் என்று, அந்தச் சின்ன அறைக்குக் கதகதப்பாக இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. லோயர் கேம்ப் எந்திரங்களைச் சுற்றிவிட்டு வந்த பெரியாற்றுத் தண்ணீர்.

விடிந்ததும் பெரியவர் மோட்டார் ரூமைக் காட்டி, "வேணும்னா அங்க செருகிக்க தம்பி" என்றார். அன்பாகச் சொன்னார். அது உழவுக்கான இலவச மின்சாரம், காருக்கு எடுக்கக் கூடாது ஐயா என்றேன். பிறகு எங்கள் வண்டியிலிருந்தே ஒரு வயரை வெளியே இழுத்தேன். இப்போது வரும் பல வண்டிகளில் வெளிச்சாதனங்களுக்கு மின்சாரம் தரும் வசதி இருக்கிறது. மின்கெண்டியில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். மூன்று பேருக்கும் கருப்பட்டிக் காப்பி.

பெரியவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். தோட்டத்துக்கு வந்து நிறுத்தியபோது 40. இப்போது 34. வழி நெடுக நான் சொல்லிவந்த கணக்கை அவரிடமும் சொன்னேன். மலையிறங்கியதில் ஐந்து சேர்ந்தது, தூங்கியதிலும் காப்பியிலும் ஆறு போனது.

"அப்ப ஒண்ணுதான் கடன்" என்றார்.