சிப்பந்தியின் குற்றமா?

இந்நாளில் பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. சிப்பந்திகள் மனம் சோர்ந்து போகிறார்கள் என்று தெரிந்தவுடன் நிர்வாகிகள் யோகாசன வகுப்பு ஏற்படுத்துகிறார்கள். மூச்சுப் பயிற்சி கற்பிக்க ஓர் ஆசானை அமர்த்துகிறார்கள். நல்ல தூக்கம் வருவதற்கென்று கைப்பேசியில் ஒரு செயலியையும் இலவசமாக வழங்குகிறார்கள். இவற்றை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. யோகம் நம் நாட்டுச் செல்வம். அதைப் பழிப்பது நம் எண்ணமன்று. ஆனால் இவற்றால் விளைந்த நன்மை என்ன என்று, பிரிட்டனில் 233 ஸ்தாபனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்கள் அளித்த விடைகளைக் கொண்டு ஆக்ஸ்போர்டு ஸர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர் வில்லியம் பிளெமிங் கணக்கிட்டுப் பார்த்தார். 2024-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு யாதெனில், இத்தகைய பயிற்சிகளில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட மனநலத்தில் மேம்பட்டிருக்கவில்லை என்பதே. பொதுத் தொண்டு செய்ய வாய்ப்புப் பெற்றவர்கள் மட்டும் சற்று விலக்காகக் காணப்பட்டார்கள். ஒரே சமயத்தில் எடுத்த கணக்காதலால் இதையே முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது. எனினும், அமெரிக்காவில் காலிபோர்னியா ஸர்வகலாசாலையின் பெர்க்கிலி கலாசாலையில் அரை நூற்றாண்டாக நடந்துவந்திருக்கும் ஆராய்ச்சியை அறிந்தவர்களுக்கு இம்முடிவு வியப்பளிக்காது.

அவ்வாராய்ச்சியைத் தொடங்கியவர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் மனோதத்துவ நிபுணர். இந்த அம்மையாரைப் பற்றி ஒரு செய்தியை முதலில் சொல்லிவிட வேண்டும். 1971-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஸ்டான்போர்டு ஸர்வகலாசாலையில் பேராசிரியர் ஜிம்பார்டோ ஒரு போலிச் சிறைச்சாலை அமைத்து, மாணவர்களில் சிலரைக் காவலர்களாகவும் சிலரைக் கைதிகளாகவும் வைத்துச் சோதனை நடத்தினார். இரண்டு வாரம் நடப்பதாக இருந்தது. காவலர்களாயிருந்த வாலிபர்கள் கைதிகளின் தலையில் பையைக் கவிழ்த்து வரிசையாக இழுத்துச் செல்வதை மாஸ்லாக் கண்டார். அப்பொழுதுதான் டாக்டர் பட்டம் பெற்றிருந்த இளம்பெண் அவர். இது அக்கிரமம் என்று பேராசிரியரிடமே வாதாடினார். சோதனை ஆறாம் நாளில் நிறுத்தப்பட்டது. நல்ல இயல்புடைய வாலிபர்களையும் ஓர் இடத்தின் ஏற்பாடு எப்படி மாற்றிவிடும் என்பதை நேரில் பார்த்த கண்களோடுதான் அவர் பெர்க்கிலியில் வேலையை ஏற்றார் என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

அங்கே அவர் வைத்தியர்கள், நர்ஸுகள், சமூக ஊழியர்கள் முதலானவர்களைச் சந்தித்து, பிறர் துன்பத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் உள்ளம் என்ன ஆகிறது என்று விசாரித்தார். தாம் கேட்டவற்றை ஒருநாள் ஒரு வக்கீலிடம் சொன்னபொழுது, ஏழைகளுக்காக வாதாடும் வக்கீல்கள் இதை 'பர்ன்-அவுட்' என்று சொல்வது வழக்கம் என்று அவர் தெரிவித்தாராம். திரியும் எண்ணெயும் தீர்ந்து விளக்குக் கரிந்து போவதைப் போன்ற நிலை. நியூயார்க் நகரத்து இலவச வைத்தியசாலை ஒன்றில் தொண்டு செய்துவந்த டாக்டர் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கரும் 1974-ம் ஆண்டில் இதே சொல்லைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார்.

1981-ம் ஆண்டில் மாஸ்லாக், ஸூஸன் ஜாக்ஸன் என்பவருடன் சேர்ந்து 22 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். உள்ளம் கரிந்து போவதற்கு அவர்கள் கண்ட அடையாளங்கள் மூன்று. உள்ளத்தில் உரம் வற்றிப் போதல் ஒன்று. தன்னிடம் வருகிறவர்களை மனிதர்களாகவே நினையாமல் வெறுப்போடு நடத்துதல் மற்றொன்று. தான் செய்யும் வேலையால் ஒரு பயனும் இல்லையென்ற எண்ணம் மூன்றாவது. வெறும் களைப்பு வேறு, இது வேறு. களைத்தவன் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டால் தெளிவான். கரிந்தவனோ லீவு முடிந்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாழிகையிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவான்.

பின்னர் கனடா தேசத்து அகாடியா ஸர்வகலாசாலையின் மைக்கேல் லைட்டருடன் சேர்ந்து, இதற்குக் காரணங்களை மாஸ்லாக் ஆறு வகையாகப் பிரித்தார். வேலைப் பளு, தன் வேலையைத் தானே நடத்திக்கொள்ளும் சுதந்திரம், உழைப்புக்கேற்ற ஊதியமும் மதிப்பும், உடன் உழைப்போரின் உறவு, நியாயம், தன் மனச்சாட்சிக்கும் ஸ்தாபனத்தின் போக்குக்கும் உள்ள பொருத்தம் என்பவையே அந்த ஆறும். இவற்றில் எது பொருந்தாவிட்டாலும் ஊழியன் வாடுகிறான். நம் தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று வாபஸ் பெறப்பட்டது. வாபஸ் பெற்றது நன்றே. ஆயினும் அந்த விவாதம் மணிக்கணக்கோடு நின்றுவிட்டது. எட்டு மணி நேரமே உழைத்தாலும், மேலதிகாரியின் பாரபட்சத்தைக் கண்டும் வாய்திறக்க வழியில்லாத குமாஸ்தா வாடமாட்டானா?

நிலக்கரிச் சுரங்கத்தில் விஷ வாயுவை அறிவதற்காகக் கூண்டில் குருவியைக் கொண்டுபோகும் வழக்கம் பிரிட்டனில் 1986 வரையில் இருந்தது. மாஸ்லாக்கும் லைட்டரும் இதையே உவமையாக எடுத்துக் காட்டுகிறார்கள். குருவி மயங்கி விழுந்தால் சுரங்கத்தைச் சோதிக்க வேண்டுமேயன்றி, விஷத்தைத் தாங்கும் குருவியைத் தேடிக்கொண்டிருக்கலாமா? உலக சுகாதார ஸ்தாபனமும் 2019-ம் ஆண்டில் ஒப்புக்கொண்ட தன் பட்டியலில் இதை நோயாகச் சேர்க்காமல், வேலை சம்பந்தமாக விளையும் நிலை என்றே குறித்தது. இருந்தும் அந்த 22 வாக்கியங்களை வைத்துக்கொண்டே, இன்னார் கரிந்துவிட்டார் என்று ஊழியர்களுக்கு முத்திரை குத்தும் ஸ்தாபனங்கள் உண்டு. ஆராய்ச்சிக்காகச் செய்த அளவுகோல், ஆளுக்கு ஆள் நோய் கண்டுபிடிக்கும் கருவியன்று என்று மாஸ்லாக் அம்மையார் கண்டித்து எழுத நேர்ந்தது. மருந்துக் கடை வைத்தவர்களுக்கு எல்லாரும் நோயாளிகள்தாம்!

சுரங்கத்தைத் திருத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு லைட்டரும் அவருடைய சகாக்களும் கனடா ஆஸ்பத்திரிகளில் நடத்திய சோதனை ஒரு விடை. சில பிரிவுகளில் நர்ஸுகளும் மற்ற ஊழியர்களும் ஆறு மாத காலம் அடிக்கடி கூடி, ஒருவரையொருவர் எவ்வாறு நடத்துகிறோம் என்பதைத் தாங்களே பேசித் திருத்திக்கொண்டார்கள். இச்சோதனை நடவாத பிரிவுகளோடு ஒப்பிட்டபொழுது, அவர்களிடையே மரியாதை வளர்ந்திருந்தது, வெறுப்புக் குறைந்திருந்தது, நிர்வாகத்தினிடம் நம்பிக்கை கூடியிருந்தது, வேலைக்கு வராமல் நின்றுவிடும் நாட்களும் குறைந்திருந்தன. 2011-ம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. ஓராண்டு கழித்து மறுபடியும் போய்ப் பார்த்தபொழுது மரியாதை மேலும் வளர்ந்திருந்தது. வராமல் நிற்கும் நாட்களின் கணக்கு மாத்திரம், கூட்டங்கள் நின்ற பிறகு, பழைய அளவுக்கே திரும்பியிருந்தது.