நான்காவது முறையும் நெகட்டிவ்

எச்.ஐ.வி. பரிசோதனையில் 'நெகட்டிவ்' என்று வந்துவிட்டால் அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலோருக்கு முடிந்தும்விடுகிறது. ஆனால் சிலருக்கு அந்தத் தாள் தரும் நிம்மதி இரண்டு நாள்கூடத் தாங்குவதில்லை. ரத்த மாதிரி மாறியிருக்குமோ, நாள் போதாமல் போய்க் கொடுத்துவிட்டோமோ, கிட் காலாவதியாகியிருக்குமோ என்று யோசனை மறுபடி கிளம்பும். அடுத்த ஊர், அடுத்த லேப், சில நேரம் வேறு பெயர் என்று இன்னொரு பரிசோதனை. மருத்துவத்துக்கு இது புதிய செய்தியில்லை. 1985-லேயே, அதாவது இந்தியாவில் முதல் தொற்று கண்டறியப்படுவதற்கு ஓராண்டு முன்பே, பிரிட்டிஷ் மனநல மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் 'போலி எய்ட்ஸ்' என்ற பெயரில் இதைப் பற்றிக் குறிப்பு வெளிவந்தது. நோய் இல்லை, ஆனால் நோய் வந்துவிட்டது என்ற பயமே உடல்வாட்டமாகவும் தூக்கமின்மையாகவும் வெளிப்படுகிறது என்றது அது. நாற்பது ஆண்டுகளாகியும் நம் பரிசோதனை மையங்கள் இவர்களுக்குத் தரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "வேணும்னா மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துருங்க." அந்தப் பதில் ஒரு கட்டம்வரை சரி. அந்தக் கட்டத்தைத் தாண்டியபின் அது நோயை வளர்க்கும் பதில்.

தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் இந்தப் பயத்துக்கு மண் நன்றாகவே பண்பட்டிருக்கிறது. கூடலூர் வழியாகக் குமுளி மலைச்சாலையில் ஓடும் லாரிகள், விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் கூலியாட்கள், மாதக்கணக்கில் வெளியூரில் தங்கிப் பிழைப்போர் என்று எப்போதும் நடமாடிக்கொண்டே இருக்கும் பகுதி இது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பிறகு, தொற்று மிகுந்த ஆறு மாநிலங்களில் ஒன்றாகத் தமிழ்நாடு வகைப்படுத்தப்பட்டது. 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. லாரி நிறுத்தங்களும் பேருந்து நிலையங்களும் பிரசாரத்தின் முதல் இலக்காயின. மண்டையோட்டுப் படங்களும் 'எய்ட்ஸ் என்றால் மரணம்' என்ற தொனியும் அந்தக் காலத்துக் கைச்சரக்கு. 2003 வாக்கில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊர் ஊராகச் சுவர்கள் கேட்டன. ஆணுறையைப் பற்றி வாய்விட்டுப் பேசவைத்த, துணிச்சலான விளம்பரம் அது. அதைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. வருமா, வராதா என்று விடை தராமல் தொங்கவிட்ட கேள்வியாகவே அது மனதில் நின்றது. ஓயாத பயத்தில் தவிப்பவரின் மனதில் சுற்றுவதும் அதே வடிவக் கேள்விதான்.

பயப்படுகிறவரின் சந்தேகங்கள் எல்லாம் வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. முதல் சந்தேகம் நியாயமானது: தொற்றிய மறுநாளே எந்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது. உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும்வரை ஓர் இடைவெளி உண்டு. 'விண்டோ பீரியட்' என்று கவுன்சிலர்கள் சொல்வது இதைத்தான். வைரஸின் புரதத்தையும் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனையை ஆய்வகத்தில் செய்தால், பெரும்பாலான தொற்றுகள் 18 முதல் 45 நாளுக்குள் தெரிந்துவிடும். எதிர்ப்புப் பொருளை மட்டும் தேடும் விரைவுப் பரிசோதனைக்கு 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். ஆகவே மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்வது முறையான மருத்துவ ஆலோசனை. ஆபத்தான சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் ஒருவர் வந்துவிட்டால் தொற்றைத் தடுக்க 28 நாள் மாத்திரையே இருக்கிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் மூன்று மாத இடைவெளி கடந்து, இடையில் புதிதாக எந்த ஆபத்தும் நேராமல், நெகட்டிவ் வந்துவிட்டால் அந்தக் கேள்வி மூடப்படுகிறது. ஆறு மாதம், ஓராண்டு என்று கெடுவை நீட்டிக்கொண்டே போவது பயம்தான். அறிவியல் அப்படி நீட்டுவதில்லை.

இரண்டாவது சந்தேகத்துக்கு நம் பக்கத்திலேயே சான்று காட்டுவார்கள். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தம் வந்தது சிவகாசி ரத்த வங்கியிலிருந்து. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்த ரத்தத்திலேயே தவறிப்போனதே, என் ரிசல்ட்டை எப்படி நம்புவது என்பது கேட்கத் தகுந்த கேள்வி. அந்தத் துயரத்தில் தவறியது எது என்று பார்த்தால் விடை கிடைக்கும். ரத்தம் கொடுத்த இளைஞர் 2016-இல் கொடுத்தபோதே தொற்று தெரிந்திருக்கிறது, அவருக்குச் சொல்லப்படவில்லை. இரண்டாம் முறை கொடுத்தபோது சரிபார்க்க வேண்டியவர்கள் சரிபார்க்கவில்லை. வெளிநாட்டு வேலைக்காக அவரே பரிசோதித்துக்கொண்டு வந்து சொன்ன பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. ஆட்களின் அலட்சியம் அது. பரிசோதனை முறையின் தோல்வி என்று அதைச் சொல்ல முடியாது. ஓரிடத்தில் ஒருமுறை அலட்சியம் நேரலாம். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு கிட்டுகளால் செய்த நான்கு பரிசோதனைகளிலும் ஒரே மனிதரின் ரத்தத்தில் அதே அலட்சியம் நேர வழியில்லை. அந்த இளைஞர் அம்மாத இறுதியிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். கிருமி அவரைக் கொல்லவில்லை. அதற்கு இலவச சிகிச்சை இருந்தது.

கணக்காகவும் பார்க்கலாம். ஓர் ஆண், பாலியல் தொழிலாளியான பெண் ஒருவருடன் ஒருமுறை ஆணுறையின்றி உறவு கொண்டதாக வைத்துக்கொள்வோம். தேசியக் கண்காணிப்புக் கணக்கின்படி அந்தப் பெண்களிடையே தொற்று 2 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. தொற்றுள்ளவராகவே இருந்து, அவர் சிகிச்சையும் எடுக்காதவராக இருந்தாலும், ஒருமுறை உறவில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-க்கு 4 என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. இரண்டையும் பெருக்கினால் ஒன்றேகால் லட்சத்தில் ஒன்று. இங்கே பயன்படுத்தும் கிட்டுகள் குறைந்தது 99.5 விழுக்காடு தொற்றுகளைப் பிடிக்க வேண்டும் என்பது விதி. அதாவது 200 தொற்றில் ஒன்று தவறலாம். மூன்று மாதம் கழித்து வந்த ஒரே ஒரு நெகட்டிவுக்குப் பின் மிஞ்சும் வாய்ப்பு இரண்டரைக் கோடியில் ஒன்று. இவை சராசரிகள், பால்வினைப் புண் இருந்தாலோ, உறவின் வகை வேறானாலோ முதல் எண் கூடும். அப்படிக் கூடினாலும் கடைசி எண் பயப்படும் அளவுக்கு வராது. சவரக் கத்தி, கொசுக்கடி, பஸ் சீட்டில் குத்திய ஊசி என்று பயப்படுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. கொசுவின் உடலில் இந்த வைரஸ் பெருகுவதே இல்லை.

இந்த எண்ணைக் காட்டினால் பயந்தவர் நிம்மதியாகிவிடுவார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டரைக் கோடியில் ஒன்று என்று சொன்னதும் அவர் மனம் போய் உட்காருவது அந்த ஒன்றில். நூற்றுக்கு நூறு உறுதி வேண்டும் என்று கேட்கிறார். அதைத் தரும் பரிசோதனை எந்த நோய்க்கும் உலகில் இல்லை. மற்றவர்கள் அந்த மிச்ச ஐயத்தோடு சாப்பிட்டுத் தூங்குகிறார்கள், இவரால் முடியவில்லை. சிக்கல் ரத்தத்தைவிட்டு வெளியே வந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

ஆனால் உடம்பில் தெரிகிறதே என்பார்கள். நாக்கில் வெள்ளை, கழுத்தில் கட்டி, இரவில் வியர்வை, எடை குறைவு, தோலில் புள்ளி. இந்த அறிகுறிகள் பொய்யில்லை, அவர் நடிக்கவுமில்லை. தொடக்க எச்.ஐ.வி.க்கென்று தனியான அறிகுறி எதுவும் கிடையாது. காய்ச்சலும் தொண்டை வலியும் நூறு காரணங்களால் வரும். தினம் பத்துத் தடவை கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்த்தால் எல்லார் நாக்கிலும் வெள்ளை தெரியும். கழுத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தால் நெறி கட்டி வலிக்கும். பயத்தில் பசி போகும், பசி போனால் எடை குறையும், எடை குறைந்தால் பயம் கூடும். கையில் இருக்கும் போனில் அறிகுறியைத் தட்டினால் அது மிகக் கொடிய நோயை முதலில் காட்டும். இவ்வளவையும் ஒருவர் மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் சுமந்தால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம்.

மறுபரிசோதனை ஏன் உதவாது என்பதை 1986-இலேயே பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சால்கோவ்ஸ்கிஸும் வார்விக்கும் விளக்கினார்கள். ஆறுதல் கேட்டுக் கேட்டுப் பெறுவது பதற்றத்தை உடனே இறக்கும். ஆனால் ஐயம் வந்தால் ஆறுதல் தேடித்தான் ஆக வேண்டும் என்று மனதுக்குக் கற்றுக்கொடுத்துவிடும். அடுத்த முறை ஐயம் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் பெரிதாக வரும். அரிப்பைச் சொறிவது மாதிரி, சொறியும்போது சுகமாகத்தான் இருக்கும். ஒரு பரிசோதனைதானே, அதுவும் அரசு நம்பிக்கை மையத்தில் இலவசம்தானே, செய்துகொண்டு போகட்டுமே என்ற வாதம் இங்கே அடிபடுகிறது. ஐந்தாவது பரிசோதனைக்குக் காசு இல்லை என்பது சரி. விலை வேறு வகையில் போகிறது: மனைவியைத் தொடப் பயம், பிள்ளையைத் தூக்கப் பயம், நிச்சயித்த கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது, வேலைக்கு லீவு. 2023 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மனநல இதழில் வெளிவந்த ஸ்வீடன் நாட்டு ஆய்வு, தனக்குக் கொடிய நோய் இருக்கிறது என்ற தீராப் பயம் கண்டறியப்பட்டவர்கள் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்கு என்று காட்டியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வீட்டார் சிரித்து ஒதுக்கும் பயத்தின் கனம் இது.

இந்தப் பயம் ஏன் சர்க்கரை நோயைப் பற்றியோ மஞ்சள் காமாலையைப் பற்றியோ இவ்வளவு வருவதில்லை? ஹெபடைடிஸ் பி ரத்தத்தின் வழியாக எச்.ஐ.வி.யைவிட எளிதில் தொற்றும். அதை நினைத்து யாரும் ஊர் ஊராக அலைவதைக் காணோம். எச்.ஐ.வி. பயத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு குற்றவுணர்வு இருக்கிறது. செய்யக் கூடாததைச் செய்துவிட்டோம், தண்டனை வராமல் போகாது என்ற எண்ணத்துக்கு நெகட்டிவ் ரிசல்ட் விடுதலைப் பத்திரமாகத் தெரிவதில்லை. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டதாகவே தெரிகிறது. விந்து வெளியேறுவதால் உடல் அழிகிறது என்று இந்திய இளைஞர்கள் படும் பதற்றத்துக்கு டாக்டர் என்.என். விக் 1960-இல் பெயர் சூட்டினார். அந்தப் பதற்றத்தை வைத்துத்தான் 'வாலிபக் கோளாறு' என்று சுவரில் எழுதி லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் செய்கிறவர்கள் இன்றும் பிழைக்கிறார்கள். எச்.ஐ.வி. பயம் அதே வேரில் முளைத்த புதுக்கிளை என்பது என் எண்ணம். ரத்தக் குழாயில் ஏறாத குற்றவுணர்வைப் பரிசோதனைக் குழாயில் தேடிப் பயனில்லை.

இப்படிச் சொல்வதால், பரிசோதனைக்கு வர வேண்டியவர்களும் தயங்கிவிடுவார்களே என்று சுகாதாரத் துறையினர் கவலைப்படலாம். கவலை நியாயமானது. 2010-க்கும் 2023-க்கும் இடையில் இந்தியாவில் புதிய தொற்றுகள் 44 விழுக்காடு குறைந்திருப்பதில் இலவசப் பரிசோதனைக்குப் பங்கு உண்டு. அதனால் முதல் பரிசோதனைக்கும், மூன்று மாதம் கழித்த இரண்டாவதற்கும் எந்தத் தடையும் கூடாது. புதிதாக ஆபத்து நேர்ந்தவர் எத்தனை முறை வந்தாலும் பார்க்க வேண்டும். பழைய ஒரே சம்பவத்துக்காக மூன்றாம் முறை, நான்காம் முறை வருகிறவரைப் பற்றித்தான் பேச்சு. அவரைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை; வேறு கதவுக்கு அனுப்பச் சொல்கிறேன். 'என்னைப் பைத்தியம் என்கிறார்கள்' என்று அவர் நினைப்பாரே என்பது அடுத்த தடை. அது கவுன்சிலர் சொல்லும் விதத்தில் இருக்கிறது. "உங்களுக்கு நோய் இல்ல, ஆனா இந்தப் பயம் உங்கள வாட்டுது, அதுக்கும் வைத்தியம் இருக்கு" என்றால் பலர் கேட்பார்கள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் பரிசோதனைக்கு ஒப்புதலையும் ரகசியத்தையும் கட்டாயமாக்கியது, ஆலோசனையையும் அதோடு இணைத்தது. அந்த ஆலோசனை நெகட்டிவ் வந்தவருக்கும் உரியது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இவர்கள் பயப்படும் எச்.ஐ.வி. இப்போது இருக்கும் எச்.ஐ.வி. இல்லை; 1990-களின் சுவரொட்டியில் இருந்தது. 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது, தாம்பரம் தொடக்க மையங்களுள் ஒன்று. தினம் மாத்திரை சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியவரிடமிருந்து உறவின் வழியே தொற்றுவதில்லை என்பதை 2016-லும் 2019-லும் வெளிவந்த 'பார்ட்னர்' ஆய்வுகள் உறுதிசெய்தன. பள்ளத்தாக்கிலேயே பலர் மருந்தோடு தோட்ட வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவர்களுடைய வாழ்க்கையைச் சாவுக்குச் சமமாக நினைப்பது பயந்தவரை வதைப்பதோடு நிற்பதில்லை, அவர்களையும் அவமதிக்கிறது.

பிரிட்டனில் 444 நோயாளிகளை வைத்துப் பீட்டர் டயரர் குழு நடத்திய ஆய்வு 2013-இல் 'லான்செட்' இதழில் வந்தது. உடல்நலப் பயம் முற்றியவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் சில அமர்வுகள் கொடுத்ததிலேயே பயம் குறைந்து, அந்தப் பலன் ஈராண்டு நீடித்தது. சிகிச்சை கொடுத்தவர்கள் மனநல நிபுணர்கள் இல்லை, அதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர் போன்றவர்கள். தேனிக்கு இதில் பாடம் உண்டு: நம்பிக்கை மையக் கவுன்சிலர்களுக்கும் மாவட்ட மனநலத் திட்டத்தினருக்கும் இடையே ஒரு பரிந்துரைச் சீட்டு ஓடினாலே பாதி வேலை ஆகும். கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டு பக்கமும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். சிகிச்சையில் செய்வது மாயமில்லை. நாக்கைப் பார்ப்பதை ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்வார்கள், போனில் தேடுவதை நிறுத்தச் சொல்வார்கள், "எனக்கு ஒண்ணும் இல்லல்ல?" என்று மனைவியிடம் கேட்பதை விடச் சொல்வார்கள். முதல் சில வாரம் பதற்றம் ஏறும், பிறகு இறங்கும். தேவைப்பட்டால் ஃப்ளூவாக்ஸிட்டின், செர்ட்ரலின் போன்ற மாத்திரை. அது பிடிக்க ஒரு மாதம் ஆகலாம். 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண் கிருமியைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லும். அந்த எண்ணுக்கே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருப்பவர் அடுத்து அழைக்க வேண்டியது 14416: டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண், நாள் முழுக்க, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.