அப்பாயியின் தகரப் பெட்டியைத் தொடாதீங்க!

ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் வீட்டுப் பரண் மேல் என்னென்ன இருக்கிறது என்று ஏறிப் பார்க்காமல் சொல்லுங்கள், பார்ப்போம்! கைப்பிடி போன குக்கர், மூன்று கால் நாற்காலி, மூத்த பையனின் நடைவண்டி (அந்தப் பையனுக்கே இப்போது பையன் இருக்கிறான்), மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள்... அதற்கு மேல் ஞாபகம் வராது. ஞாபகத்துக்கே வராத சாமான் எதற்கு வீட்டில்? 'கழித்துக் கட்டு' என்று சொல்வது சுலபம். கை வைத்தால்தான் தெரியும்.

நமக்கெல்லாம் போகி வந்தால்தான் இந்த வேலை. அன்றைக்கும் நாலு பழைய பாயோடு முடிந்துவிடும். ஆனால் நீலகிரியின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி இருக்கும் சேரம்பாடியில் கதையே வேறு. அங்கே தேயிலைத் தோட்டத்து லயங்களில் வீடு ஒழிப்பது வருஷா வருஷம் வரும் பண்டிகை வேலை கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது, ஒரே மூச்சில் செய்ய வேண்டியது.

காரணம் எளிது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கிற வரைக்கும் வீடு. பிள்ளைகளில் யாராவது அதே தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் முப்பது, நாற்பது வருஷக் குடித்தனத்தை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அழுகைக் கோச்சி

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. சேரம்பாடிப் பக்கம் லயங்களில் இருக்கும் பல குடும்பங்களுக்கு இது இரண்டாவது மூட்டை!

1964 அக்டோபர் 30-ம் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அம்மியைக் கூட இவ்வளவு சுலபமாக யாரும் பங்கு போட்டதில்லை.

மலையகத்து ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்கு ரயில். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம். வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் கட்டிப்பிடித்து அழுததால் அந்த ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பேராகிவிட்டது. கோச்சி என்றால் மலையகத் தமிழில் ரயில்.

கப்பலில் எவ்வளவு ஏற்ற முடியும்? ஆடு, மாடு, கோழி, கட்டில், அலமாரி எல்லாம் கைக்கு வந்த விலைக்குப் போயின. வாங்க வருகிறவனுக்குத் தெரியும், இவர்கள் இன்ன தேதிக்குள் கிளம்பியாக வேண்டும் என்று. 'கொடுக்கிறதை வாங்கிக்க, இல்லாட்டி விட்டுட்டுத்தானே போகப்போற?' என்று அவன் வாய் விட்டுக் கேட்க வேண்டியதில்லை. பேசாமல் நின்றாலே விலை இறங்கும். போகிறவன் சாமானுக்கு விலை கிடையாது. கடல் தாண்டி வந்த இந்தப் பாடம்தான் இன்றைக்கும் உதவுகிறது.

அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. 1968-ல் வனத்துறை ஆரம்பித்த திட்டம், பிறகு 1976-ல் 'டான்டீ' எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. சேரம்பாடியும் அதில் ஒரு கோட்டம். காட்டை வெட்டிச் செடி நட்டவர்கள் இன்று தாத்தா, பாட்டிகள். 2022-ல் டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை மறுபடி வனத்துறைக்கே கொடுக்க அரசு முடிவு செய்தது. 'காலி பண்ணு' என்ற வார்த்தை மறுபடியும் காதில் விழுந்தால் வயிறு கலங்காதா? ஓய்வு பெற்றவர்களுக்கு வீடு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, அரசு வீட்டுத் திட்டம் அறிவித்ததும் இந்தப் பின்னணியில்தான்.

ஒரு அறை, ஒரு உலகம்

லயத்து வீட்டில் பெரிய பரண் ஏது? எல்லாம் கட்டிலுக்கடியில்தான். இழுத்துப் போட்டால் ஒரு கண்காட்சியே வைக்கலாம். கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, மழைக்கு இடுப்பில் கட்டும் படங்கு, கம்பளி, பாட்டுக் கேட்ட பழைய ரேடியோ, 2006-ல் ஆரம்பித்த திட்டத்தில் கிடைத்த இலவச கலர் டி.வி., 2011-ல் ஆரம்பித்த திட்டத்தில் கிடைத்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். மிக்ஸி வந்த பிறகும் அம்மி அசையவில்லை. அதை வாங்கவும் ஆளில்லை, தூக்கவும் ஆளில்லை!

இந்தப் பேச்சு எந்த லயத்திலும் கேட்கும்:

"அப்பாயி, இந்த ஓட்டைக் கூடையைப் போட்டுடவா?"

"இருக்கட்டும்டி. கோழி அடைக்க ஆகும்."

"நம்மகிட்ட கோழியே இல்லையே?"

"கூடை இருந்தாத்தானே கோழி வாங்கலாம்?"

இதற்கு மேல் வாதாட வக்கீலாலும் முடியாது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் அப்பாயி பக்கமும் நியாயம் தெரியும். ஒருமுறை எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இறங்கியவருக்கு, 'ஒரு நாளைக்கு ஆகும்' என்பது வெறும் கஞ்சத்தனம் இல்லை. அந்த 'ஒரு நாளை' அவர் கண்ணால் பார்த்தவர்.

காசு கொடுக்காத வாடிக்கையாளர்

சாமான் கேட்டு வீடு தேடி வருகிறவர்களில் ஒருவர் மட்டும் காசே தருவதில்லை. அவர் பேர் யானை! பந்தலூர் வட்டாரத்தில் வீடுகளை உடைத்து அரிசி தேடிய ஒரு மக்னா யானைக்கு 'அரிசி ராஜா' என்று பட்டமே கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் வனத்துறை அதைப் பிடித்தது. 2024 டிசம்பரில் பிடிபட்டது 'புல்லட்'. ஆகவே வேறு எதைச் சேர்த்து வைத்தாலும் அரிசி மூட்டையை மட்டும் சேர்க்காதீர்கள்.

துரைமார்களும் இங்கே சாமான் கழித்தவர்கள்தான். 1880-ஐ ஒட்டி பந்தலூர், தேவாலா பக்கம் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. மலைமேல் இயந்திரங்கள் ஏறின. தங்கம் கட்டுப்படியாகவில்லை. சில வருஷத்தில் கம்பெனிகள் மூழ்கின, இயந்திரங்கள் காட்டிலேயே துருப்பிடித்தன. கோடீஸ்வரன் ஆனாலும் அவசரமாகக் கிளம்பினால் இரும்பு விலைதான்!

விற்கிறவருக்கு நாலு வார்த்தை

அந்தக் காலத்தில் இரும்புக்குப் பேரீச்சம்பழம். இந்தக் காலத்தில் தராசு. இரண்டிலும் ஏமாறாமல் இருக்க வழி உண்டு.

1. ஓய்வு பெறும் மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள். ஆறு மாதம் முன்பே ஒவ்வொன்றாக விற்கத் தொடங்குங்கள். 'நாளைக்கு வண்டி வருது' என்பதை வியாபாரியிடம் மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள்.

2. ஆனி, ஆடி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். சேரம்பாடி மழையில் மெத்தை பூஞ்சணம் பிடிக்கும், மரம் உப்பும், விலை சுருங்கும்.

3. குவியலாகக் கொடுத்தால் எல்லாமே இரும்பு விலைக்குப் போகும். பித்தளை, செம்பு, அலுமினியம், இரும்பு என்று தனித்தனியாகப் பிரியுங்கள். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் ஒரு காந்தம் இருக்கும். அது ஒட்டினால் இரும்பு. பித்தளை, செம்பு, அலுமினியத்தில் ஒட்டாது.

4. கட்டில், பீரோ நல்லதாக இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். லயத்தில் புதுக் குடித்தனம் வைப்பவரைக் கேளுங்கள். இல்லையேல் கூடலூர், எல்லை தாண்டினால் சுல்தான் பத்தேரி. இரண்டு இடத்து விலையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

5. பழைய டி.வி.யின் படக்குழாயை உடைக்காதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. ஓடையில் வீசினால் ஊர் குடிக்கும்.

6. கேஸ் சிலிண்டரை எடைக்குப் போடுவது கூடாது. அது கம்பெனியின் சொத்து. ஏஜென்சியில் ஒப்படைத்தால், கட்டிய டெபாசிட் திரும்பி வரும். அதற்கான ரசீதைத் தேடி எடுங்கள்.

எதைத் தொடக் கூடாது?

கடைசியாக ஒரு தகரப் பெட்டி வரும். துருப்பிடித்த கொண்டி, உள்ளே பாச்சை உருண்டை வாசனை. பழைய பேப்பர்காரர் கை நீட்டுவார். கொடுத்துவிடாதீர்கள்!

தலைமன்னார் வழியாக வந்தவர்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. மறுவாழ்வு உதவிக்காகக் கொடுத்த குடும்ப அட்டை இருந்தது. மடிப்பில் கிழிந்த அந்தத் தாள்களை எடைக்குப் போட்டால் ஒரு டீக்குக் கூடத் தேறாது. ஆனால் 'நீங்க தாயகம் திரும்பினவங்கன்னு என்ன ஆதாரம்?' என்று ஓர் அலுவலக ஜன்னல் பேரனைக் கேட்கும்போது, பதில் அந்தத் தாளில்தான் இருக்கும். கூடவே வேலையில் சேர்ந்த தேதி உள்ள காகிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். சீட்டு. பணிக்கொடை கணக்கு, செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். ஒரு வருஷத்துக்கு ஆதாரம் தொலைந்தால் அந்த 15 நாளுக்காக அலைய வேண்டி வரலாம்.

ஆகவே எல்லாத் தாளையும் ஜெராக்ஸ் எடுங்கள். செல்போனிலும் படம் பிடித்து வையுங்கள். அசலை மழை படாத பையில் போட்டுக் கட்டுங்கள். அதற்குப் பிறகு கூடையை விற்கலாம், ரேடியோவைக் கொடுக்கலாம், அம்மியை அடுத்த வீட்டுக்குத் தானம் செய்யலாம்.

பெட்டியைத் திறக்கும்போது அப்பாயியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தாள் எதற்கு என்று அவருக்குத்தான் தெரியும்!