சொல்லில் பிறக்கும் படம், சொல்லிலேயே பொறுப்பு

புது தில்லி: வரைகலைஞர் ஒருவர் ஒருநாள் உழைத்து உருவாக்கிய பிரசாரப் படத்தை, இரண்டு வரி எழுதினால் செயற்கை நுண்ணறிவு சில விநாடிகளில் தந்துவிடுகிறது. 2024 மக்களவைத் தேர்தலிலேயே அரசியல் கட்சிகளின் சமூக ஊடகப் பிரிவுகள் இந்த உத்தியைக் கையாளத் தொடங்கிவிட்டன.

எனினும், "விவசாயி படம்" என்று மட்டும் கேட்டால் எந்த நாட்டு விவசாயி என்று தெரியாத படமே வரும். "பஞ்சாப் கோதுமை வயல், அறுவடைக் காலம், மாலை வெயில், களைத்த முகத்துடன் முதியவர், பக்கவாட்டுத் தோற்றம், மேலே வெற்றிடம், சதுர வடிவம்" என இடம், காலம், ஒளி, கோணம், அளவு ஆகியவற்றை வரையறுத்தால்தான் நினைத்தது கிடைக்கும். இந்திய மொழி எழுத்துகள் சிதைந்து வரக்கூடும் என்பதால் முழக்கத்தைப் பின்னர் தனியே சேர்ப்பது நல்லது.

சிக்கல் பெயரில் தொடங்குகிறது. அதே வாசகத்தில் ஒரு தலைவரின் பெயரைச் சேர்த்தால், நடக்காத சந்திப்பும் நடந்ததுபோல் தோன்றும்.

பிகார் பேரவைத் தேர்தலையொட்டி, 2025 அக்டோபர் 24-இல் தேர்தல் ஆணையம் இதற்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. செயற்கைப் படத்தின் பரப்பில் குறைந்தது 10 சதவீத அளவுக்கு அடையாளக் குறிப்பு இடம்பெற வேண்டும். ஒருவரது தோற்றத்தை அனுமதியின்றித் திரித்து வாக்காளரை ஏமாற்றும் படத்தை, கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்தில் நீக்க வேண்டும். யார், எப்போது உருவாக்கினர் என்ற பதிவைக் கட்சிகள் பராமரிக்க வேண்டும்.

ஆகவே, வெற்றிடம் கேட்கும்போதே முழக்கத்துடன் அடையாளக் குறிப்புக்கும் இடம் ஒதுக்குவதே முறை. பொய்ப் படங்கள் பெருகினால், உண்மைப் படத்தையும் வாக்காளர் நம்ப மறுப்பார். அந்த இழப்பு எந்தக் கட்சியையும் விட்டுவைக்காது.