ஸ்விட்ச் போர்டு எங்கே ஸார்?

"தம்பி, நீதான் லாப்டாப் வெச்சிருக்கியே... ஃபங்ஷன்ல ப்ரொஜக்டரை நீ பார்த்துக்கோ!"

ஆபீஸில் யாராவது இப்படிச் சொல்லி உங்கள் தோளில் கை போட்டால், உஷார்! லாப்டாப் வைத்திருப்பவனெல்லாம் ப்ரொஜக்டர் ஓட்டலாம் என்பது, கரண்டி பிடித்தவனெல்லாம் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கலாம் என்கிற மாதிரி.

முப்பது வருஷம் சர்வீஸ் போட்டு ரிடையர் ஆகிறவருக்காகப் பழைய போட்டோக்களைத் தேடிப் பிடித்து, ஐந்து நிமிஷப் படம் ஒன்று தயார் செய்திருப்பார்கள். அதில் காலமாகிவிட்ட அவர் மனைவியின் போட்டோவும் இருக்கும். அது வரும்போது திரையில் சாம்பல் பூசின மாதிரி ஏதோ தெரிந்து, முன் வரிசையிலேயே "யாருப்பா அது?" என்று கேட்டால்... போச்சு. ஒன்ஸ்மோர் கிடையாது.

உடனே மிஷின் மேல் பழி. "பவர் பத்தலை ஸார், பெரிய ப்ரொஜக்டரா எடுத்திருக்கணும்." பாவம், மிஷினுக்கு வாய் கிடையாது.

ப்ரொஜக்டரால் வெளிச்சத்தைத்தான் வீச முடியும். இருட்டை வீச முடியாது. படத்தில் எங்கே கறுப்போ, அங்கே அது கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. அந்த இடத்தில் ஹால் விளக்கு விழுந்தால் கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும். ஹீரோவின் தலைமுடி ஒரே விநாடியில் நரைத்துவிடும்!

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 12 அடி அகலம், 9 அடி உயரத் திரை என்றால் சுமார் 10 சதுர மீட்டர். 5,000 லூமென்ஸ் ப்ரொஜக்டர் தன் வெளிச்சம் மொத்தத்தையும் அதில் கொட்டினால், சதுர மீட்டருக்கு 500 லூமென்ஸ். இதை 500 லக்ஸ் என்பார்கள். ஹால் விளக்குகளிலிருந்து திரைமேல் 250 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெள்ளை 750, கறுப்பு 250. வித்தியாசம் வெறும் மூன்று மடங்கு. படம் சோகையாகத்தான் இருக்கும்.

சரி, வாடகை கூடக் கொடுத்து 10,000 லூமென்ஸ் மிஷின் கொண்டுவந்தால்? வெள்ளை 1,250, கறுப்பு அதே 250. ஐந்து மடங்கு. அவ்வளவுதான்.

இப்போது பழைய 5,000 மிஷினையே வைத்துக்கொண்டு, திரைமேல் விழும் விளக்குகளை மட்டும் அணைத்து 250-ஐ 25 ஆக்குங்கள். வெள்ளை 525, கறுப்பு 25. இருபத்தோரு மடங்கு! செலவு: பூஜ்யம்.

ஆகவே, மண்டபத்துக்குள் நுழைந்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி "ப்ளக் பாயின்ட் எங்கே?" இல்லை. "லைட் ஸ்விட்ச் போர்டு எங்கே?" பல மண்டபங்களில் அது பூட்டிய ரூமில் இருக்கும். சாவி எலெக்ட்ரீஷியனிடம், எலெக்ட்ரீஷியன் டீக்கடையில். எந்த ஸ்விட்சைத் தட்டினால் எந்த விளக்கு அணைகிறது என்று முன்னாடியே பார்த்து, ஒரு துண்டு பேப்பரில் எழுதி ஒட்டிவிடுங்கள். வீடியோ எடுப்பவரிடம், "அண்ணே, அந்த அஞ்சு நிமிஷம் மட்டும் உங்க லைட் வேணாம்ணே" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அதற்காக ஹாலையே இருட்டாக்கவேண்டாம். நடைபாதையிலும் பின்பக்கமும் நாலு விளக்கு எரியட்டும். வயசானவர்கள் நடமாடுகிற இடம்.

ஆனால், சூரியனுக்கு ஸ்விட்ச் கிடையாது. ஜன்னல் நிறைந்த ஹாலில் காலை விழா என்றால் பிடிவாதம் பிடிக்காமல் எல்.ஈ.டி. வாலுக்குப் போய்விடுங்கள். அதன் முகமே கறுப்பு. வெளிச்சமும் அதற்குள்ளிருந்தே வருகிறது. அதனால்தான் அது கல்யாண மேடைகளில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது.

அடுத்தது தூரம். மிஷினின் 'த்ரோ ரேஷியோ' 1.5 என்றால், 12 அடி அகலப் படத்துக்கு 18 அடி தள்ளி வைக்கவேண்டும். அந்தப் பதினெட்டு அடிக்கு நடுவில் தோரணமோ, பன்னீர் தெளிக்கும் மாமாவோ குறுக்கே வரக்கூடாது. மிஷினைத் தாழ்வாக வைத்து மூக்கைத் தூக்கிவிட்டால் படம் மேல்பக்கம் அகன்றுவிடும். 'கீஸ்டோன்' பட்டனைத் தட்டிச் சரிசெய்யலாம். ஆனால் அது படத்தை ஓரங்களில் சுருக்கிச் சமாளிக்கிற வித்தை, கூர்மை குறையும். ஸ்டாண்டை உயர்த்திவிடுவதே உத்தமம்.

கரன்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பல்பு வைத்த ப்ரொஜக்டர் சூடாக இருக்கும்போது அணைந்தால், ஆறுகிற வரைக்கும் திரும்ப எரியாது. சில நிமிஷம் ஆகலாம். லேசர் ரகம் சீக்கிரம் எழுந்துகொள்ளும். எதுவாக இருந்தாலும் அதற்கென்று ஒரு யு.பி.எஸ். கேட்டு வாங்குங்கள்.

கேபிளை நம்பாதீர்கள். ஐம்பது அடியைத் தாண்டினால் சாதா ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் மக்கர் பண்ணலாம். விழாவில் போடப்போகிற அதே கேபிள், அதே லாப்டாப், அதே படத்தை வைத்து முழுசாக ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். லாப்டாப் தானாகத் தூங்கிப்போகும் வசதியையும், நெட்டையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், 'வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க' என்ற வாட்ஸ்அப் செய்தியை 12 அடி அகலத்தில் ஊரே படிக்கும்!

இத்தனையும் செய்தால் உங்களை யாரும் பாராட்டமாட்டார்கள். "பாதாம்கீர் பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பரவாயில்லை, நீங்கள் பாஸ்.

இன்னும் ஒன்று. படம் முடிந்த அடுத்த விநாடியே பளிச்சென்று எல்லா லைட்டையும் போட்டுவிடாதீர்கள். ஓர் அரை நிமிஷம் பொறுங்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சில பேருக்கு அந்த இருட்டு தேவைப்படும்.