கண் ஏன் காய்கிறது?

மணல் விழுந்தது போல உறுத்தல், எரிச்சல், காலையில் இமையைப் பிரிக்கவே வலி. மருந்துக் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கிப் போட்டால் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், பிறகு பழையபடி எரியும். மாதக்கணக்கில் இப்படியே போகிறது என்றால், கண் ஏன் காய்கிறது என்பதை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். காரணம் தெரியாமல் சொட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு. சில சமயம் ஆபத்தும்கூட.

கருவிழியின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தில் நீர் மட்டும் இல்லை. நீரைக் கண்ணோடு ஒட்டவைக்கும் வழவழப்பான பொருள் ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய். ஊறுகாய் ஜாடியில் மேலே நிற்கும் எண்ணெய் உள்ளே இருப்பதைக் காயவிடாமல் காப்பது போல, இந்த எண்ணெய் கண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள்தான் அதைத் தருகின்றன. 1666இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மெய்போமின் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது.

கண் வறட்சி உள்ள பெரும்பாலோருக்குக் குறை இந்த எண்ணெயில்தான். சுரப்பியின் வாய் அடைத்துக்கொள்ளும், எண்ணெய் கெட்டிப்படும். கண்ணில் நீர் இருந்தும் நிற்காது. இதனால்தான், “எனக்குக் காற்று பட்டாலே தாரையாகக் கொட்டுகிறதே, வறட்சி எப்படி இருக்கும்?” என்று பலர் கேட்கிறார்கள். காய்ந்த கண் எரிச்சல் தாங்காமல் நீரைக் கொட்டுகிறது. எண்ணெய் இல்லாததால் அந்த நீரும் தங்குவதில்லை. கணினியையோ செல்போனையோ உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது, பாதி இமையோடு நிறுத்திவிடுகிறோம். அதுவும் சேர்ந்துகொள்கிறது.

எந்த நேரத்தில் அதிகம் வலிக்கிறது என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மாலைக்கு மேல் மோசமானால் பகலெல்லாம் கண்ணீர் ஆவியாவதைச் சந்தேகிக்கலாம். விழித்தவுடனே மோசம் என்றால் தூக்கத்தில் இமை முழுதாக மூடாமல் இருக்கலாம், அல்லது இமை விளிம்பில் அழற்சி இருக்கலாம். இரவில் கண் திறந்திருக்கிறதா என்று வீட்டில் உள்ளவர்கள்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

பரிசோதனைகள் எளியவை. மஞ்சள் சாயம் இட்டு நீல ஒளியில் பார்ப்பார்கள். இமைக்காமல் இருக்கும்போது 10 விநாடிக்குள் படலம் உடைந்தால் அது நிலையாக இல்லை. கீழ் இமையில் சிறு காகிதத் துண்டைச் செருகி 5 நிமிடம் வைப்பது ஷிர்மர் சோதனை. 5 மில்லிமீட்டர்கூட நனையவில்லை என்றால் நீர்ச் சுரப்பே குறைவு. இமையை லேசாக அழுத்தி எண்ணெய் தெளிவாக வருகிறதா, வெள்ளையாகக் கெட்டிப்பட்டு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமலே எழுதித் தரப்படும் சீட்டு எனக்குத் திருப்தி தருவதில்லை.

நீரே சுரக்கவில்லை என்றால் தேடல் கண்ணைத் தாண்டிப் போக வேண்டும். வாயும் காய்கிறதா? தண்ணீர் குடிக்காமல் இட்லியை விழுங்க முடியவில்லையா? பல் வேகமாகச் சொத்தையாகிறதா, மூட்டு வலிக்கிறதா, அசதி தீரவில்லையா? இது ஷோக்ரன் நோயாக இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் இந்நோயை ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933இல் விரிவாக எழுதினார். பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் நடுவயதுப் பெண்கள். “மாதவிடாய் நிற்கும் வயது, அப்படித்தான் இருக்கும்” என்று அவர்களை அனுப்பிவிடுவது பெரிய அநியாயம். ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் உதட்டின் உட்புறத்தில் சிறு திசுச் சோதனையும் செய்ய வேண்டும். வாத நோய் நிபுணரின் தொடர் கண்காணிப்பும் தேவை. சிலருக்குப் பிற்காலத்தில் நிணநீர்ப் புற்றுநோய் வரக்கூடும் என்பதால் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

மருந்துகளும் கண்ணைக் காய வைக்கும்: சளி, அலர்ஜி மாத்திரைகள், சில மனச்சோர்வு மாத்திரைகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், நீண்டகாலம் போடும் கண் அழுத்தச் சொட்டுகள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

எண்ணெய்க் குறைக்கு வெந்நீர் ஒத்தடம் நல்ல மருந்து. ஆனால் துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். மறுபடி மறுபடி நனைத்து, பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம் வைத்து, பிறகு இமை விளிம்பை நோக்கி மெல்ல நீவ வேண்டும். தினமும் செய்தால்தான் பலன். செயற்கைக் கண்ணீரை அடிக்கடி போடுபவர்கள் பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காததைக் கேட்டு வாங்க வேண்டும். அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு வேலை செய்யப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். எரிகிறதே என்று பாதியில் விடுகிறவர்கள் ஏராளம். அதற்கும் அடங்காத கண்ணுக்குக் கண்ணீர் வடிகாலை அடைக்கும் சிறு அடைப்பான், சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் சொட்டு, வெள்ளைவிழியின் மேல் அமரும் ஸ்கிளெரல் லென்ஸ் என்று வழிகள் உள்ளன. மீன் எண்ணெய் மாத்திரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2018இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் அது ஆலிவ் எண்ணெயைவிட மேலானதாகத் தெரியவில்லை.

ஸ்டீராய்டு சொட்டைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சிவப்பு உடனே மறையும், உள்ளே கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு சத்தமின்றிக் கெடும். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம்.

சோதனையில் எல்லாம் சரி, வலி மட்டும் தாங்க முடியவில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நடிக்கவில்லை. கருவிழி நரம்பே பழுதாகி வலியை அனுப்பக்கூடும். மரத்துப்போகச் செய்யும் சொட்டைப் போட்ட பிறகும் வலி நீடித்தால் அந்தத் திசையில் தேட வேண்டும், மருந்தும் வேறு. பார்வை திடீரெனக் குறைந்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் போனாலோ அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.