இல்ல ஊர்திகளில் மின்கலப் பாதுகாப்பும் வளிம இடர்களும்

இல்ல ஊர்தி (மோட்டார் ஹோம்) என்பது படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை முதலிய வசதிகளைத் தன்னுள் கொண்டு, தானே ஓடக்கூடிய ஊர்தி ஆகும். மற்றொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படும் வகை பிரித்தானிய வழக்கில் கேரவன் எனப்படும். இந்தியாவில் இரண்டு வகையையுமே கேரவன் என்கின்றனர். தமிழ்நாட்டில் இச்சொல் பெரும்பாலும் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஊர்தியைக் குறிக்கும். பெயர் எதுவாயினும் இவற்றின் இடர் ஒன்றே. ஓர் அடைத்த சிற்றறைக்குள் மனிதர் உறங்குகின்றனர். அதன் இருக்கைகளுக்கு அடியிலும் பக்கப் பெட்டிகளிலும் மின்கல அடுக்குகளும் எரிவாயு உருளைகளும் எரிபொருள் கருவிகளும் இருக்கின்றன. ஆறு மீட்டர் நீளமுள்ள ஊர்தியொன்றின் வாழிடம், மரத்தளவாடங்கள் போக, 15 முதல் 20 கன மீட்டர் வரையே இருக்கும். வீட்டில் சாளர இடுக்குகள் வழியே கலைந்துபோகும் ஒரு சிறு கசிவு இங்கே உயிர்க்கொல்லியாகக் கூடும்.

இக்கட்டுரை இத்தகைய ஊர்திகளில் தோன்றும் ஐதரசன், ஐதரசன் சல்பைடு, சமையல் எரிவாயு, கார்பன் ஓராக்சைடு ஆகிய வளிமங்களையும் (வாயுக்களையும்), அவற்றோடு தொடர்புடைய மின்கலப் பாதுகாப்பையும் விளக்குகிறது.

இரு மின்கல அமைப்புகள்

பெரும்பாலான இல்ல ஊர்திகளில் இரண்டு மின்கல அமைப்புகள் உள்ளன. ஒன்று பொறியை இயக்கத் தொடங்குவதற்கான மின்கல அடுக்கு (பேட்டரி). மற்றொன்று விளக்கு, நீரேற்றி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றுக்கான வாழிட மின்கல அடுக்கு. பொறிக்கான அடுக்கு சில நொடிகளுக்குப் பெரிய மின்னோட்டத்தைத் தந்துவிட்டு உடனே மின்னேற்றம் பெறும். வாழிட அடுக்கோ மணிக்கணக்கில் மெல்ல வடிந்து, ஆழமாக வெறுமையாகி, பின்னர் பொறியின் மின்னாக்கி, முகாம்களில் கிடைக்கும் வீட்டு மின்சாரம், கூரையிலுள்ள சூரிய மின்தகடு என மூன்று வழிகளிலும் நிரப்பப்படுகிறது. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. அவற்றுள் ஒன்று பழுதானாலும் மிகைமின்னேற்றம் நிகழ வாய்ப்புள்ளது. மேலும், பொறிக்கான அடுக்கு காற்றோட்டமுள்ள பொறியறையில் இருக்க, வாழிட அடுக்கு பல ஊர்திகளில் படுக்கைக்கோ இருக்கைக்கோ அடியில் வைக்கப்படுகிறது. எனவே வளிம இடரைப் பொறுத்தவரை இரண்டாவது அடுக்கே கூடுதல் கவனத்துக்குரியது.

ஐதரசன்

ஈய-அமில மின்கலத்தைப் பிரெஞ்சு இயற்பியலாளர் கசுத்தோன் பிளாந்தே 1859இல் உருவாக்கினார். அதன் அடிப்படை வேதியியல் இன்றளவும் மாறவில்லை. 12 வோல்ட்டு அடுக்கு ஒன்றில் ஆறு கலங்கள் உள்ளன. கலம் ஒன்றின் மின்னழுத்தம் மின்னேற்றத்தின்போது ஏறத்தாழ 2.4 வோல்ட்டை, அதாவது முழு அடுக்குக்கு 14.4 வோல்ட்டை, எட்டும்போது செலுத்தப்படும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி ஈய சல்பேட்டை மாற்றுவதை விட்டு, கந்தக அமிலக் கரைசலிலுள்ள நீரைப் பகுக்கத் தொடங்குகிறது. எதிர்மின்வாயில் ஐதரசனும் நேர்மின்வாயில் ஆக்சிசனும் குமிழிகளாக வெளிப்படுகின்றன. இரண்டும் கனவளவில் 2:1 என்ற விகிதத்தில், வெடிப்பதற்கு மிக ஏற்ற கலவையாகவே பிறக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

இதன் அளவை எளிதாகக் கணக்கிடலாம். முழுமையாக மின்னேறிய கலத்துக்குள் மேலும் 1 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் செலுத்தப்பட்டால் ஏறத்தாழ 0.42 லிட்டர் ஐதரசன் (0 பாகை செல்சியசில்) உண்டாகும். ஆறு கலங்களுக்கு இது 2.5 லிட்டர். காற்றில் ஐதரசன் 4 விழுக்காடு முதல் 75 விழுக்காடு வரை எந்த அளவில் இருந்தாலும் தீப்பற்றும். காற்றோட்டமில்லாத 100 லிட்டர் பெட்டிக்குள் அடுக்கு இருப்பதாகக் கொண்டால், அந்த 1 ஆம்பியர் மிகைமின்னோட்டமே இரண்டு மணி நேரத்துக்குள் கீழ் எல்லையைத் தாண்டிவிடும். பற்றவைப்பதற்கும் பெரிய பொறி வேண்டியதில்லை: ஐதரசனுக்குத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 0.02 மில்லியூல், புரொப்பேனுக்குத் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்கு அளவே. மின்முனையில் கவ்வியைக் கழற்றும்போது தோன்றும் கண்ணுக்குப் புலப்படாத பொறியே போதுமானது.

ஐதரசன் காற்றைவிட ஏறத்தாழ 14 மடங்கு எடை குறைந்தது. ஆதலால் மின்கலப் பெட்டியின் மேற்பகுதியில் வெளிக்காற்றுக்குத் திறப்பு இருத்தல் வேண்டும். அல்லது அடுக்கின் வளிமத் துளையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ஊர்திக்கு வெளியே செல்லுதல் வேண்டும். அடுக்கை மாற்றும்போது இக்குழாயை மீண்டும் பொருத்த மறந்துவிடுவது அடிக்கடி நிகழும் தவறாகும்.

கண்ணாடி இழைப் பாய்களில் அமிலத்தை உறிஞ்சி வைத்த வகையும், களி வடிவ மின்பகுளி கொண்ட வகையும் "மூடப்பட்ட மின்கலம்" என்று விற்கப்படுகின்றன. இவற்றில் ஆக்சிசன் எதிர்மின்வாயை அடைந்து மீண்டும் நீராகிவிடுவதால் இயல்பான நிலையில் வளிமம் மிகக் குறைவாகவே வெளியேறும். எனினும் இவை முற்றிலும் மூடப்பட்டவை அல்ல; உள்ளழுத்தம் மிகும்போது திறக்கும் அடைப்பான்கள் இவற்றில் உண்டு. மிகைமின்னேற்றத்தின்போது இவையும் ஐதரசனை வெளியிடும். இழந்த நீரைத் திரும்ப ஊற்ற இயலாதென்பதால் விரைவில் கெட்டும் போகும்.

பழுதுற்ற கலமும் வெப்ப மீறலும்

மின்னேற்றி சரியாக வேலை செய்யும்போதும் பேரிடர் நேரலாம் என்பது பலர் அறியாத செய்தி. பழைய அடுக்கொன்றில் ஆறு கலங்களுள் ஒன்று உட்குறுக்கிணைப்பால் செயலிழந்துவிட்டதாகக் கொள்வோம். மின்னேற்றி வழக்கம்போல் 14.4 வோல்ட்டைத் தருகிறது. இப்போது அது ஐந்து கலங்களுக்கே பகிரப்படுவதால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.9 வோல்ட்டைப் பெறுகின்றது. அவை கடுமையாகக் கொதித்து வளிமத்தை வெளியிடும். வெப்பம் ஏற ஏறக் கலம் மேலும் மிகுதியான மின்னோட்டத்தை உள்வாங்கும். மின்னோட்டம் மிக மிக வெப்பம் ஏறும். இச்சுழல் வெப்ப மீறல் எனப்படும். அடுக்கு நிரம்பவில்லை என்றே மின்னேற்றி கருதுவதால் அது தானாக நிற்காமலும் போகலாம். பெட்டியின் பக்கங்கள் உப்புவதும், தொட இயலாத சூடும், இரவு முழுவதும் மின்னேற்றியின் விசிறி ஓயாமல் சுழல்வதும் இதன் அடையாளங்கள்.

இதே காரணத்தால்தான் சூழல் வெப்பத்துக்கேற்ப மின்னேற்ற அழுத்தத்தைக் குறைக்கும் உணரி தேவைப்படுகிறது. 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 12 வோல்ட்டு அடுக்குக்கு 0.02 முதல் 0.03 வோல்ட்டு வரை குறைக்க வேண்டும் என்பது பொது வழக்கு. ஐரோப்பியக் குளிருக்கெனச் சரிசெய்யப்பட்ட மின்னேற்றியை 40 பாகை வெயிலில் மாற்றமின்றிப் பயன்படுத்துவது மின்கலத்தை மெல்லக் கொதிக்க வைப்பதற்கு ஒப்பாகும்.

அழுகிய முட்டை நாற்றம்

அளவு கடந்து சூடான ஈய-அமில மின்கலம் ஐதரசன் சல்பைடையும் வெளியிடுகிறது. இதன் நாற்றம் அழுகிய முட்டையைப் போன்றது. ஊர்தியில் இருப்போர் இதனைக் கழிவுநீர்த் தொட்டியின் நாற்றமென்றோ, எரிவாயுக் கசிவென்றோ எண்ணிவிடுகின்றனர். உருளையை மூடிவிட்டு, கழிவுத் தொட்டியையும் கழுவிவிட்டு மீண்டும் உறங்கச் செல்பவர்கள் உண்டு. உண்மையான காரணம் அவர்கள் படுக்கைக்கு அடியில் கொதித்துக்கொண்டிருக்கும்.

இவ்வளிமத்தின் தீய பண்பு, அது மூக்கை ஏமாற்றுவதாகும். மிகச் சிறிய அளவிலேயே நாற்றம் தெரியும். ஆனால் பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவை நெருங்கும்போது முகரும் உணர்வு மரத்துப்போகிறது. நாற்றம் மறைந்தது என்பதை வளிமம் அகன்றது என்று கொள்ளலாகாது. பத்து இலட்சத்தில் 500 பங்குக்கு மேல் அது உயிருக்கே தீங்காகும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அனைவரும் வெளியேறி, கதவுகளைத் திறந்துவைத்து, வெளியிலிருந்தே மின் இணைப்பைத் துண்டிப்பது முறை. சூடான அடுக்கின் கவ்விகளைக் கையால் கழற்றுதல் கூடாது. அங்கே ஐதரசனும் நிறைந்திருக்கும்.

சமையல் எரிவாயு

நீர்மமாக்கப்பட்ட பெட்ரோலிய வளிமம் புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை ஆகும். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ 1.5 மடங்கும், பியூட்டேன் 2 மடங்கும் எடை மிக்கவை. கசிந்தால் தரையில் நீர்போலத் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். 18 கன மீட்டர் வாழிடம் முழுவதும் சீராகப் பரவினாலும் அந்த எல்லையை எட்ட ஒரு கிலோகிராமுக்கும் குறைவான எரிவாயு போதும். உண்மையில் அது தரையருகே தேங்குவதால் இன்னும் குறைந்த அளவே இடர் விளைவிக்கும்.

ஆகவே உருளைப் பெட்டி வாழிடத்திலிருந்து வளிமம் புகாதவாறு பிரிக்கப்பட்டு, ஊர்தியின் வெளிப்புறமாக மட்டுமே திறக்க வேண்டும். அதன் அடித்தளத்தில் திறப்பு இருத்தல் வேண்டும். அடுப்பின் கீழும் தரையில் துளைகள் உண்டு. குளிர்காற்றும் தூசியும் எலியும் வருகின்றன என்று இத்துளைகளைத் துணியால் அடைத்துவிடுவது பெரும் பிழையாகும். மின்கலத்துக்கான திறப்பு மேலேயும் எரிவாயுவுக்கான திறப்பு கீழேயும் அமைவதற்குக் காரணம் இவ்வளிமங்களின் எடை வேறுபாடே. மின்கல அடுக்கையும் எரிவாயு உருளையையும் ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது என்பதும் இதனால் விளங்கும்: ஒன்று பொறியை உண்டாக்கும், மற்றொன்று அதற்கு இரையாகும்.

பியூட்டேனின் கொதிநிலை சுமார் -0.5 பாகை, புரொப்பேனின் கொதிநிலை -42 பாகை செல்சியசு. உறைபனியில் பியூட்டேன் ஆவியாகாது. அடுப்பு எரியவில்லையென உருளையை உள்ளே கொண்டுவந்து சூடேற்றுவோர் உள்ளனர். குளிர்நாடுகளில் புரொப்பேனைப் பயன்படுத்துவதே தீர்வு. ஐரோப்பாவில் இவ்வூர்திகளின் எரிவாயு அமைப்புக்கு இஎன் 1949 என்னும் தரமும், வட அமெரிக்காவில் என்எஃப்பிஏ 1192 என்னும் தரமும் உள்ளன. கசிவைச் சோதிக்கச் சவர்க்கார நீரே ஏற்றது.

கார்பன் ஓராக்சைடு

இவற்றுள் மிகுந்த உயிர்களைப் பறிக்கக்கூடியது இதுவே. நிறமோ மணமோ இல்லை. எடையும் ஏறத்தாழக் காற்றின் எடையே. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் பிணைகிறது. தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். உறங்குபவர் இவற்றை உணராமலேயே மயக்கமுறுவார். ஊர்தியிலுள்ள அனைவருக்கும் ஒரே வேளையில் தலைவலி வந்து, வெளியே நடந்தால் அது குறைந்தால் இவ்வளிமத்தையே முதலில் ஐயுற வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது குருதியிலுள்ள நச்சளவு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய ஆக்சிசன் அளித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். ஆதலால் வெளியே வந்ததும் நலமாகிவிட்டதென்று மருத்துவமனைக்குச் செல்லாமல் இருத்தல் தகாது.

அணையாத கரியடுப்பைக் குளிருக்காக உள்ளே எடுத்துவருவது, காற்றோட்டமின்றி அடுப்பை எரிப்பது, மின்னாக்கியின் (ஜெனரேட்டர்) புகை உட்புகுவது ஆகியவை முதன்மையான காரணங்கள். 2024 திசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் ஒன்றுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். குளிரூட்டிக்காக இயங்கிய மின்னாக்கியின் கார்பன் ஓராக்சைடு தரையிலிருந்த துளை வழியே உள்ளே புகுந்ததே காரணம் எனப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. நிறுத்திய ஊர்தியில் குளிரூட்டியை இயக்கி உறங்கும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உள்ளதால் இந்நிகழ்வு தனித்துக் குறிப்பிடத்தக்கது.

இலித்தியம் மின்கலங்கள்

அண்மைக் காலத்தில் ஈய-அமில அடுக்குகளுக்குப் பதிலாக இலித்தியம் இரும்பு பாசுபேட்டு அடுக்குகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. கலம் ஒன்றுக்கு 3.2 வோல்ட்டு வீதம் நான்கு கலங்கள் சேர்ந்து 12.8 வோல்ட்டைத் தரும். இயல்பான இயக்கத்தில் இவை வளிமம் எதையும் வெளியிடுவதில்லை. கோபால்ட்டு சேர்ந்த வகைகளைக் காட்டிலும் இவற்றின் நேர்மின்வாய் வெப்பத்தில் எளிதாக ஆக்சிசனை விடுவதில்லை என்பதால் தீப்பற்றும் வாய்ப்பும் குறைவு. ஆனால் "பாதுகாப்பானது" என்ற விளம்பரச் சொல்லை அப்படியே ஏற்பதற்கில்லை. நசுங்கியோ மிகைமின்னேற்றத்தாலோ கலம் திறந்துகொண்டால் ஐதரசன், கார்பன் ஓராக்சைடு, கரிமக் கரைப்பான்களின் ஆவி, ஐதரசன் புளோரைடு ஆகியவை வெண்புகையாக வெளியேறும். அதனை நீராவி என்று எண்ணி நெருங்கலாகாது.

0 பாகை செல்சியசுக்குக் கீழ் மின்னேற்றினால் எதிர்மின்வாயில் இலித்தியம் உலோகமாகப் படிந்து உட்குறுக்கிணைப்புக்கு வழிகோலும். இவற்றின் உள்தடை மிகக் குறைவாதலால் பொறியின் மின்னாக்கியிடமிருந்து எல்லையின்றி மின்னோட்டத்தை இழுத்து அதனையே எரித்துவிடவும் கூடும். எனவே இடையில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் மின்னேற்றி தேவை. ஈய-அமிலத்துக்கான பழைய மின்னேற்றிகளுள் சில, சல்பேட்டைக் கரைக்க 15 வோல்ட்டுக்கு மேல் தருவதால் அவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எவ்வகை அடுக்காயினும் குறுக்கிணைப்பு நேர்ந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும். விழும் திருகுசாவி ஒன்றே போதும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, எதிர்முனையை முதலில் பிரித்து, கடைசியில் இணைப்பது ஊர்திப் பணியாளர் வழக்கம். ஊர்தியின் உடற்சட்டம் எதிர்முனையுடன் இணைந்திருப்பதே அதற்குக் காரணம். நேர்முனைக்கு மிக அருகிலேயே மின்னுருகி (பியூஸ்) பொருத்தப்பட வேண்டும்.

எச்சரிக்கைக் கருவிகள்

எரிவாயு உணரி தரையருகேயும், கார்பன் ஓராக்சைடு உணரி உறங்குபவரின் தலைமட்டத்தை ஒட்டியும் பொருத்தப்படுகின்றன. ஐரோப்பியத் தரமான இஎன் 50291இன்படி, கார்பன் ஓராக்சைடு பத்து இலட்சத்தில் 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடங்களுக்குள்ளும், 100 பங்கு இருந்தால் 10 முதல் 40 நிமிடங்களுக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடங்களுக்குள்ளும் கருவி ஒலிக்க வேண்டும். இத்தரத்தின் இரண்டாம் பகுதி ஊர்திகளுக்கும் படகுகளுக்கும் உரியது. அதிர்வையும் வெப்ப மாற்றத்தையும் தாங்காத வீட்டுக் கருவிகள் இங்கே பொருந்தா.

இக்கருவிகளில் உள்ள மின்வேதி உணரிகள் ஐதரசனையும் உணரக்கூடியவை. அதனால் அடுப்போ மின்னாக்கியோ எரியாத வேளையில், மின்னேற்றம் நடக்கும்போது கார்பன் ஓராக்சைடு எச்சரிக்கை ஒலிப்பதுண்டு. "கருவி பழுது" என்று அதன் மின்கலத்தைக் கழற்றிவிடுபவர் பலர். அவ்வொலி பொய்யன்று, அது வேறொரு வளிமத்தைப் பற்றிய உண்மையான செய்தி. முதலில் அனைவரும் வெளியேறி, பிறகு மின்னேற்றியை நிறுத்தி, ஊர்தி காற்றாடிய பின்னரே அடுக்கின் சூட்டையும் கலங்களின் நிலையையும் ஆராய வேண்டும். இவ்வுணரிகள் காலப்போக்கில் நலிவடைவன. மாற்ற வேண்டிய ஆண்டு பல கருவிகளின் பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் வரும் ஒலி ஒலிப்பானும் மின்சுற்றும் இயங்குவதை மட்டுமே காட்டும், உணரியின் நிலையைக் காட்டாது.